கப்பல் பட்டறையில் நாட்டியம்

நாட்டியம் என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன மேடையும், சலங்கையும், பல்லாண்டு பயின்ற ஓர் ஆடலரசியுமே. ஆடுவோர் மேலே, காண்போர் கீழே, இரு சாராருக்கும் இடையே ஒரு விளக்கு வரிசை. மேல்நாட்டிலும் நெடுங்காலம் இதுவே வழக்கம். ஆயினும் 1996ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டின் வடகிழக்குக் கரையிலுள்ள போர்ட்ஸ்மத் என்னும் துறைமுக ஊரில் ஒரு வார காலம் நடைபெற்ற நாட்டிய விழாவில் அந்த விளக்கு வரிசை இருந்த இடம் தெரியாமற் போயிற்று. தொழில்முறை ஆடற்கலைஞரோடு கப்பல் பட்டறைத் தொழிலாளரும், அவர்தம் குடும்பத்தாரும், ஊர்ப் பொதுமக்களும் சேர்ந்து ஆடினர். ஆடிய பொருள் புராணமன்று, காதலன்று, கப்பல் பட்டறையில் அவர்கள் செய்துவந்த வேலையும், அந்த வேலையால் அவர்கள் அடைந்த பெருமையும் துயரமுமே ஆகும்.

அவ்விழா ஒரு நாளில் முளைத்த காளான் அன்று. தலைநகரான வாஷிங்டன் வட்டாரத்திலிருந்து வந்த ஒரு நாட்டியக் குழுவினர் 1994 தொடங்கி இரண்டாண்டுக் காலம் அவ்வூருக்கு மீண்டும் மீண்டும் வந்து, தங்கி, மக்களோடு பேசி, பயிலரங்குகள் நடத்தி, ஈட்டிய விளைவு அது. கலைக்குழு ஒன்று ஓரிரவு ஆடிவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு போகாமல், ஊரிலே தங்கி, ஊராரோடு சேர்ந்து ஒரு படைப்பை உண்டாக்கும் இம்முறை இப்போது பல நாடுகளில் பரவியிருக்கிறது. இது எவ்வாறு தோன்றிற்று? பலரை ஒருசேர ஆட வைக்கும்போது அந்த அசைவு யாருக்குச் சொந்தம்? ஆட்டுவிப்போனுக்கா, ஆடுவோனுக்கா? இரண்டாவது கேள்விக்கு விடை காணாமல் முதற் கேள்விக்கு விடை சொல்லுவது இயலாது. ஆகவே சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

பயிற்சியில்லாப் பொதுமக்களைப் பெருந்திரளாக ஆட வைத்தவர்களுள் முதன்மையானவர் ருடால்ப் லாபான். 1879இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசைச் சேர்ந்த பிரஸ்பர்க் நகரில் பிறந்தவர். அந்நகரே இன்று பிராடிஸ்லாவா எனப்படுகிறது. பலர் சேர்ந்து ஒரு பாட்டைப் பாடுவது போலப் பலர் சேர்ந்து ஓர் அசைவை நிகழ்த்தலாம் என்பது அவர் கண்ட கருத்து. இதற்காக 1920களில் ஜெர்மன் நகரங்களில் 'இயக்கக் குழாம்' என்று சொல்லத்தக்க கூட்டங்களை அமைத்தார். ஆலைத் தொழிலாளியும் அலுவலகக் கணக்கரும் மாலையில் வந்து அவற்றில் சேர்ந்து ஆடினர். அசைவுகளை ஏட்டில் எழுதும் குறிமுறை ஒன்றையும் 1928இல் வெளியிட்டார். அக்குறிமுறை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

1929இல் வியன்னா மாநகரில் கைவினைஞர்களின் ஊர்வலம் ஒன்றை அமைக்கும் பொறுப்பு லாபானிடம் வந்தது. ஏறத்தாழ 10,000 பேர் நகரின் சுற்று வீதியிலே செல்ல வேண்டும். லாபான் என்ன செய்தார்? பட்டறை பட்டறையாகச் சென்று, அங்கங்கே தொழில் செய்வோரின் கையசைவுகளைக் கவனித்து, அவற்றைக் கொண்டே ஊர்வலத்தின் ஆட்டங்களை அமைத்தார். உழைக்கும் கையின் அசைவிலே ஆடற்கலை உறங்குகிறது என்பதை இவ்வளவு பெரிய அளவில் அதற்கு முன் யாரும் காட்டியதாக நான் அறியேன்.

ஆனால் இதே லாபானின் வாழ்வில் ஒரு கரிய பக்கமும் உண்டு. அதை மறைப்பது வரலாறு ஆகாது. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி வந்த பின்னரும், 1934 முதல் 1936 வரை, பிரசார அமைச்சர் கோயபல்ஸின் துறைக்குக் கீழே நாட்டியப் பொறுப்பில் அவர் இருந்தார். 1936 பெர்லின் ஒலிம்பிக் விளையாட்டை ஒட்டிப் புதிய திறந்தவெளி அரங்கம் ஒன்றின் திறப்புக்காக, பல நகரங்களின் குழாங்களிலிருந்து சுமார் 1,000 பேரைக் கூட்டி ஒரு மாபெரும் ஆட்டத்தை அமைத்தார். இறுதி ஒத்திகையை வந்து பார்த்த கோயபல்ஸுக்கு அது பிடிக்கவில்லை. நிகழ்ச்சி தடை செய்யப்பட்டது. லாபான் செல்வாக்கிழந்து, 1937இல் பாரிசுக்குச் சென்று, 1938இல் இங்கிலாந்தின் டார்ட்டிங்டன் மாளிகையை அடைந்தார்.

1,000 பேரை ஒரே சொல்லுக்கு அசைய வைக்கக்கூடிய ஒரு கருவி கொடியோன் கையில் சிக்கினால் என்னவாகும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கோயபல்ஸ் தடுத்தது லாபானின் நற்பேறு என்றே சொல்லுவேன். ஒத்த அசைவு அழகானது. ஆனால் அந்த அசைவை மேலிருந்து ஒருவர் கொடுக்கிறார், கீழிருந்து மற்றவர் வாங்கிக்கொள்கிறார். பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகளை நான்கு வரிசையாக நிறுத்திக் கை தூக்கச் சொல்லி, ஒரு கை தாழ்ந்தாலும் முகம் சுளிக்கும் எம் போன்றோர் இதை நின்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

இங்கிலாந்தில் லாபான் மீண்டும் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் செய்த பாரமான வேலைகளைப் பெண்கள் செய்ய நேர்ந்தது. லாரன்ஸ் என்னும் தொழில் ஆலோசகரோடு சேர்ந்து, தோள் வலிமையை மட்டும் நம்பாமல் உடலின் வீச்சைப் பயன்படுத்திச் சுமை தூக்குவது எப்படி என்று கற்பித்தார். இருவரும் எழுதிய நூல் 1947இல் வெளிவந்தது. பயனுள்ள தொண்டுதான். ஆயினும் அங்கே தொழிலாளியின் அசைவு ஆராயப்பட்டது உற்பத்திக்காக. அவன் கதைக்காக அன்று. லாபான் 1958இல் காலமானார்.

கதை இனி அமெரிக்காவுக்கு மாறுகிறது. 1965இல் அந்நாட்டரசு கலைகளுக்கென்று ஒரு தேசிய நிதியமைப்பை நிறுவிற்று. 1960களின் பிற்பகுதியில் அவ்வமைப்பு நாட்டியக் குழுக்களின் பயணத்துக்கு உதவத் தொடங்கியபோது ஒரு நிபந்தனையை வைத்தது. குழு ஓரிரவோடு போய்விடக் கூடாது. சில நாட்களாவது ஊரில் தங்கி வகுப்பும் விளக்கமும் நடத்த வேண்டும். 'தங்கிப் பணியாற்றுதல்' என்ற வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியதற்குக் கலையார்வம் மட்டுமன்று, இந்தப் பண உதவியும் ஒரு காரணம். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. கோயில் மானியம் இல்லாமல் நம் சதிர் வளர்ந்ததா?

பணத்தைக் காட்டிலும் ஆழமான காரணமும் இருந்தது. 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் மூண்ட கலவரத்தில் 34 பேர் மாண்டனர். அதன் பின்னர் வாட்ஸில் இருந்த ஒரு கலைக்கூடத்தார் ஆனா ஹால்பிரின் என்னும் நடன ஆசிரியையை அழைத்தனர். அவர் வாட்ஸில் கறுப்பின இளைஞர் குழு ஒன்றுக்கும், சான் பிரான்சிஸ்கோவில் வெள்ளையர் குழு ஒன்றுக்கும் பல மாதங்கள் தனித்தனியே பயிற்சி அளித்தார். பிறகு இரண்டையும் ஒன்றுகூட்டி, அந்தச் சந்திப்பையே 1969இல் ஒரு நாட்டியமாக அரங்கேற்றினார். இங்கே ஆடியவர்கள் பிறர் வகுத்த அசைவை ஒப்பிக்கவில்லை. தங்களுக்கு இடையே இருந்த அச்சத்தையும் ஈர்ப்பையும் ஆடினர். லாபான் விட்ட இடத்திலிருந்து ஓர் அடி முன்னே வைக்கப்பட்டது.

இனிப் போர்ட்ஸ்மத்துக்கு வந்த குழுவின் தலைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் லிஸ் லெர்மன். 1947இல் பிறந்தவர். 1975இல் இவருடைய தாயார் புற்றுநோயால் இறந்தார். அத்துயரத்தை ஒரு நாட்டியமாக்க விரும்பிய லெர்மன் அம்மையாருக்கு, இறந்த தாயை எதிர்கொண்டு வரவேற்கும் முன்னோராக ஆடுவதற்கு முதியவர்கள் தேவைப்பட்டனர். இளைஞருக்கு வெண்முடி ஒட்டி ஆட வைத்திருக்கலாம். பலரும் அதைத்தான் செய்திருப்பர். இவரோ வாஷிங்டனில் முதியோர் தங்கியிருந்த ரூஸ்வெல்ட் விடுதிக்குச் சென்று, அங்கிருந்தவர்களுக்கு வகுப்பு நடத்தி, அவர்களையே மேடைக்கு அழைத்து வந்தார். அடுத்த ஆண்டு, 1976இல், 'டான்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்னும் தம் குழுவைத் தொடங்கினார். இருபது வயதினரும் அறுபதைக் கடந்தோரும் ஒரே குழுவில் ஆடினர். அரசாங்க உத்தியோகத்தை முடித்துவிட்டு நடுவயது கடந்து ஆட வந்த ஒருவரும் அதில் நெடுங்காலம் இடம் பெற்றிருந்தார்.

முதியோரிடம் லெர்மன் அம்மையார் கற்ற பாடம் ஒன்று. கால் தூக்க முடியாதவரை அசைவில்லாதவர் என்று எண்ணலாகாது. அவர் தம் இளமையைப் பற்றிப் பேசும்போது கை தானாக எழுகிறது, தலை சாய்கிறது, ஒரு விரல் எதையோ சுட்டுகிறது. அந்தக் கையெழுச்சிக்குள் ஒரு வாழ்வே அடங்கியிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டால் போதாதா?

இதிலிருந்தே அவருடைய பயிலரங்கு முறை வளர்ந்தது. கேட்பதற்கு எளிது. ஒரு கேள்வியை நடத்துநர் கேட்பார்: உம் முதல் நாள் வேலையை நினைத்துப் பாரும், என்ன கண்டீர்? ஒருவர் சொல்லுவார். சொல்லும்போது அவர் கை என்ன செய்தது என்பதைச் சுற்றியிருப்போர் கவனித்து, அந்த அசைவை அப்படியே திருப்பிச் செய்வர். அடுத்தவர் சொல்லுவார், அவர் அசைவும் சேரும். ஐந்தாறு பேர் சொல்லி முடிப்பதற்குள் ஓர் ஆட்டத் தொடர் அமைந்துவிடும். பின்னர் அதை விரைவாக்கலாம், மெதுவாக்கலாம், ஒரு தொழில்முறைக் கலைஞர் அதைத் தம் உடலின் வலிமையால் பெரிதாக்கலாம். ஆனால் வித்து யாரிடமிருந்து வந்தது என்பதை எல்லாரும் அறிவர். லாபானின் குழாத்தில் அசைவு மேலிருந்து கீழே வந்தது. இங்கே கீழிருந்து மேலே செல்கிறது. இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் வேறுபாடு இதுவே.

இத்தகைய குழுவைப் போர்ட்ஸ்மத்துக்கு அழைத்தது அவ்வூரில் 1878இல் திறக்கப்பட்ட பழைய அரங்கமாகிய மியூசிக் ஹால். அழைப்புக்கு உரிய பொருள் கப்பல் பட்டறை. ஊரின் உயிர்நாடி அதுவே ஆகும்.

அப்பட்டறை 1800இல் நிறுவப்பட்டது. பிஸ்கட்டாகுவா ஆற்றின் நடுவே தீவில் இருக்கிறது. போர்ட்ஸ்மத் நியூ ஹாம்ஷியர் மாநிலத்து ஊர். பட்டறையோ எதிர்க்கரையில் மெய்ன் மாநிலத்துக் கிட்டரி ஊரின் எல்லைக்குள் அடங்கியது. (இந்தத் தீவு யாருக்கு என்று இரு மாநிலங்களும் வழக்காடி, 2001இல் உச்ச நீதிமன்றம் நியூ ஹாம்ஷியரின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. தொழிலாளரின் வருமான வரி எந்த மாநிலத்துக்கு என்பதே சண்டையின் உட்கரு!) ரஷ்ய-ஜப்பானியப் போரை முடித்த 1905ஆம் ஆண்டு உடன்படிக்கை கையெழுத்தானது இந்தப் பட்டறையின் கட்டடம் ஒன்றிலேதான். 1917இல் முதல் நீர்மூழ்கிக் கப்பல் இங்கிருந்து நீரில் இறங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் 70க்கு மேற்பட்ட நீர்மூழ்கிகள் இங்கே கட்டப்பட்டன. 1944 ஜனவரி 27ஆம் நாள் ஒரே நாளில் நான்கை மிதக்க விட்டனர். அக்காலத்தில் 20,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தனர். 1969இல் கடைசிக் கப்பலை மிதக்க விட்டபின், பழுது பார்ப்பதே தொழிலாயிற்று.

பெருமை ஒருபுறம், துயரம் மறுபுறம். 1939 மே 23ஆம் நாள், இங்கே கட்டிய 'ஸ்குவாலஸ்' சோதனையின்போது மூழ்கி 26 பேர் இறந்தனர். 33 பேர் மீட்கப்பட்டனர். 1963 ஏப்ரல் 10ஆம் நாள் நடந்ததோ அதைவிடக் கொடியது. இங்கே கட்டி, இங்கேயே பெரும்பழுது பார்த்து அனுப்பிய 'திரெஷர்' என்னும் அணுசக்தி நீர்மூழ்கி, காட் முனைக்குக் கிழக்கே 220 மைலில், ஆழச் சோதனையில் நொறுங்கி 129 பேரோடு அழிந்தது. இறந்தவர்களில் கப்பற்படையினர் மட்டுமல்லர், பட்டறையைச் சேர்ந்தோரும் இருந்தனர். கடல்நீர்க் குழாயின் இணைப்பு ஒன்று பிளந்ததே தொடக்கமாக இருக்கலாம் என்று விசாரணைக் குழு கருதியது. எண்ணிப் பாருங்கள்: குழாய் இணைப்பது அப்பட்டறைத் தொழிலாளியின் கைவேலை. அந்தக் கப்பலில் வேலை செய்தவர் ஒவ்வொருவரும் அன்றிரவு எதை நினைத்திருப்பார்? இத்தகைய ஊரில் கதை கேட்கப் போகிறவர் திரெஷரைத் தாண்டிப் போக இயலாது.

1978இல் இன்னொரு புயல் எழுந்தது. அணு உலைப் பகுதியில் வேலை செய்தவர்களிடையே இரத்தப் புற்றுநோய் மிகுதி என்று ஒரு மருத்துவர் ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர் அரசுத் தரப்பில் நடந்த ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் ஐயம் போகவில்லை. 1994இல் பட்டறையின் நிலம் நச்சுக்கழிவு அகற்ற வேண்டிய இடங்களின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலாகப் பனிப்போர் முடிந்து, படைத்தளங்களை மூடும் காலம் வந்தது. அருகிலிருந்த பீஸ் விமானப் படைத்தளம் 1991இல் மூடப்பட்டது. 1995இல் கப்பல் பட்டறையையும் மூடலாமா என்று அரசு நியமித்த குழு ஆராய்ந்தது. அந்த ஆண்டு பட்டறை தப்பியது. தொழிலாளர் தொகை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. சிங்கப்பூரில் பிரிட்டிஷார் 1968இல் தங்கள் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தபோது செம்பவாங் கடற்படைத் தளத்து நம்மவர் வீடுகளில் நிலவிய கலக்கத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, லெர்மன் குழுவினர் வந்து சேர்ந்தது மகிழ்ந்திருந்த ஊருக்கு அன்று. பட்டறையைப் பெருமையாகக் கருதுவோரும், அதை நஞ்சென்று அஞ்சுவோரும் ஒரே தெருவில் வாழ்ந்தனர். தொழிலாளரோ இரகசியக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள். அணுக்கப்பலின் உள்ளமைப்பைப் பற்றி வீட்டில்கூட வாய் திறக்கக் கூடாது. பிள்ளைகளுக்குத் தந்தையின் வேலை இன்னதென்று தெரியாது. இந்த இடத்தில்தான் நாட்டியம் என்னும் கருவி பொருத்தமாக அமைந்ததாக நான் கருதுகிறேன். சொல்லக் கூடாததைக் கை காட்டலாம். வளைந்து, குறுகிய துளைக்குள் புகுந்து, தலைக்கு மேலே கை நீட்டிப் பற்றவைக்கும் ஓர் உடலின் நிலையிலே எந்த இராணுவ இரகசியமும் வெளிப்படுவதில்லை. ஆனால் ஒரு வாழ்நாள் உழைப்பு வெளிப்படுகிறது.

எதிர்ப்பு இல்லாமலா இருக்கும்? இரும்படிக்கும் இடத்தில் ஆட்டம் என்ன வேண்டியிருக்கிறது என்னும் கேள்வி எந்த நாட்டிலும் இயல்பானதே. அதற்கு வாதத்தால் விடை கூற முடியாது. மீண்டும் மீண்டும் வருவதும், கேட்பதும், கேட்டதைத் திருத்தமாகத் திருப்பிக் காட்டுவதுமே விடை. ஒரு கலைஞர் முதல்முறை வந்தால் விருந்தாளி. ஐந்தாம் முறை வந்தால்தான் ஊரார் உண்மையைச் சொல்லத் தொடங்குவர். இரண்டாண்டு பிடித்ததன் காரணம் இதுவே. 1996 விழாவில் நிகழ்ச்சிகள் ஓரிடத்தில் அடங்காமல், பட்டறையிலும் ஊரின் வேறு இடங்களிலும் அரங்கத்திலுமாகப் பரவி நடந்தன.

இதே ஆண்டுகளில் இம்முறையைப் பற்றிக் கடுமையான விவாதமும் அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்தது. பில் டி. ஜோன்ஸ் என்னும் புகழ்பெற்ற கறுப்பின ஆடற்கலைஞர், உயிர்க்கொல்லி நோயுற்றோரை 11 நகரங்களில் கூட்டிப் பயிலரங்குகள் நடத்தி, அவர்கள் காட்டிய அசைவுகளைக் கொண்டு 1994இல் ஒரு பெரும் நாட்டியத்தைப் படைத்தார். 'நியூ யார்க்கர்' இதழின் நடன விமர்சகர் ஆர்லீன் குரோச்சே அதைப் பார்க்கவே மறுத்துவிட்டு, பார்க்காமலே 1994 டிசம்பரில் ஒரு கண்டனக் கட்டுரை எழுதினார். துயரத்தை மேடையில் வைத்தால் விமர்சகன் வாயடைத்துப் போகிறான். இரக்கத்தைக் கேட்கும் கலையைக் கலையாக மதிப்பிட முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். நாடெங்கும் அறிஞர் இரு கட்சியாகப் பிரிந்து எழுதினர்.

குரோச்சே அம்மையார் பார்க்காமல் எழுதியது தவறு. இதில் எனக்கு ஐயமில்லை. விடைத்தாளைத் திறக்காமல் மதிப்பெண் போடும் ஆசிரியரை யார் ஏற்பார்? ஆயினும் அவர் எழுப்பிய கேள்வியை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பாவம், உழைப்பாளிகள் ஆடுகிறார்கள் என்று கைதட்டினால் அது கலைக்குக் கிடைத்த கைதட்டலா? அவ்வகைக் கைதட்டல் ஆடுவோரை இழிவுபடுத்துவதாகும். லெர்மன் அம்மையார் இதை உணர்ந்தவர் என்றே தோன்றுகிறது. 1990 அளவிலேயே அவர் விமர்சனத்துக்கென்று ஒரு நடைமுறையை வகுத்திருந்தார். பார்த்தவர் தம் மனத்தில் பதிந்ததை முதலில் கூறுவது. அடுத்துப் படைத்தவர் தம் ஐயங்களைக் கேட்பது. பிறகு பார்த்தவர் சார்பற்ற கேள்வி கேட்பது. இறுதியில், படைத்தவர் இசைந்தால் மட்டும் தம் கருத்தைச் சொல்வது. முகத்தாட்சணியப் புகழ்ச்சிக்கும் இடமில்லை, வெறும் வசைக்கும் இடமில்லை. வகுப்பறையில் கட்டுரைப் பயிற்சிக்கு இதை நான் சோதித்துப் பார்த்ததுண்டு. பிள்ளைகள் நம்மைவிடச் சுருக்கமாகவும் நேர்மையாகவும் பேசுகின்றனர்.

போர்ட்ஸ்மத்தில் இருந்தது வேறொரு சிக்கல். கதை சொன்னவர் ஒருவர். அசைவு கொடுத்தவர் ஒருவர். நாட்டியத்தை அமைத்துப் பெயர் பெற்றவர் மற்றொருவர். விழா முடிந்ததும் குழு ஊரை விட்டுச் சென்றது. லெர்மன் அம்மையாருக்கு 2002இல் அந்நாட்டின் புகழ்மிக்க மெக்கார்தர் பரிசு கிடைத்தது. தகுதியான பரிசே. ஆனால் குழாய் இணைப்பவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்காமலிருக்க முடியவில்லை. லாபானைக் குறை கூறிய அதே நாவால் இதையும் சொல்ல வேண்டும்: அசைவு கீழிருந்து வந்தாலும், அதன் பயன் கீழே திரும்பிச் சென்றதா என்பது வேறு கணக்கு. பணமாக அது செல்லாது. தன் தந்தை என்ன வேலை செய்தார் என்பதை முதன்முதலாகத் தன் கண்ணால் கண்ட ஒரு பிள்ளையின் பார்வையாகச் சென்றிருக்கலாம். அதை அளக்கும் கோல் நம்மிடம் இல்லை.

2005 மே 13ஆம் நாள் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மூட வேண்டிய தளங்களின் பட்டியலை வெளியிட்டபோது, போர்ட்ஸ்மத் கப்பல் பட்டறையின் பெயர் அதில் இருந்தது. ஜூன் தொடக்கத்தில் ஆணையக் குழுவினர் பார்வையிட வந்தபோது, ஆயிரக்கணக்கான மக்கள் மஞ்சள் சட்டை அணிந்து சாலையோரம் திரண்டு நின்றனர். அதற்கும் ஒன்பது ஆண்டுக்கு முந்திய நாட்டிய விழாவுக்கும் தொடர்பு உண்டென்று நான் வாதாட மாட்டேன். வேலை போகும் என்ற அச்சமே கூட்டம் சேர்க்கப் போதுமானது. ஆகஸ்டு 24ஆம் நாள் ஆணையத்தார் வாக்களித்து, பட்டறையை மூட வேண்டியதில்லை என்று முடிவு செய்தனர். லெர்மன் அம்மையார் 2011இல் குழுவின் தலைமையை இளையோரிடம் ஒப்படைத்தார். கிட்டரியில் திரெஷரின் 50ஆம் ஆண்டு நினைவாக 2013இல் ஒரு கொடிமரம் நாட்டப்பட்டது. அதன் உயரம் 129 அடி.